பெயருக்குக் காத்திராத பராமரிப்பு: எம்.எஸ். நோய் வளர்கட்டத்தை அடையும்போது



மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அதன் தொடக்கத்தைத்தான் விரித்துரைப்பார்கள். திடீரென ஒரு கண் மங்குகிறது, அல்லது ஒரு கால் மரத்துப்போகிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள், ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள், சில வாரங்களில் நோயாளி தேறுகிறார். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் பருவம். தாக்குவதும் தணிவதுமாக இருந்த நோய், தாக்கு எதுவும் இல்லாமலே மெல்லக் கூடிக்கொண்டு போகும் பருவம் அது. மருத்துவர்கள் அதை செகண்டரி புரோகிரசிவ் என்பார்கள். இந்த உரையில் வளர்கட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். என் வாதம் ஒன்றுதான். வளர்கட்டம் எப்போது தொடங்கியது என்பதை மருத்துவத்தால் பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஆகவே அந்தப் பெயர் கோப்பில் ஏறும்வரை உதவியைத் தள்ளிவைக்கும் எந்த ஏற்பாடும், மிகவும் வேண்டிய காலத்தில் நோயாளியைத் தனியே விட்டுவிடும். நடையும் களைப்பும் சிறுநீரும் மனமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து உதவி தொடங்க வேண்டும். கட்டத்தின் பெயர் பிறகு வரட்டும்.

முதலில் நோயின் போக்கைப் பார்ப்போம். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே கெட்டிப்பட்ட தழும்புகள். அந்த இடங்களில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைந்திருக்கும். நூற்றில் ஏறத்தாழ 85 பேருக்கு நோய் தாக்கும் தணிவுமாகத் தொடங்குகிறது. மற்றவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே நோய் மெல்ல வளர்ந்துகொண்டே போகும். நடமாட்டக் குறைபாட்டை அளக்க அமெரிக்க நரம்பியலர் ஜான் கர்ட்ஸ்கே வகுத்த அளவுகோல் 0 முதல் 10 வரை போகிறது. அதில் 6 என்றால் கைத்தடி போன்ற ஒரு துணையோடு சுமார் 100 மீட்டர் நடக்க முடிகிறது என்று பொருள். கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில், நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் வருவதற்கு முன்பு, 1,099 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேர் இந்த 6-ஐ எட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் 2000-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். குறைபாடு ஒரு அளவைத் தாண்டி நிலைத்துவிட்டால், அதற்கு மேல் அது கூடும் வேகத்துக்கும் தாக்குகளுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

இவற்றைவிட என் வாதத்துக்கு முக்கியமானது 2020-இல் நரம்பியலர் லுட்விக் கப்போஸ் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வு. தாக்கும் தணிவுமான கட்டத்தில் இருப்பதாகவே கருதப்பட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய மருந்துச் சோதனைகளின் தரவை அவர்கள் அலசினார்கள். அங்கேயும் நிரந்தரமாகச் சேர்ந்த குறைபாட்டின் பெரும்பகுதி தாக்குகளோடு ஒட்டாமல் சேர்ந்திருந்தது. அப்படியானால் வளர்கட்டம் என்பது ஒரு நாள் காலையில் வந்து இறங்குவது அன்று; தொடக்கத்திலிருந்தே அடியில் ஓடிக்கொண்டிருந்தது பின்னால் வெளியே தெரிய வருகிறது. வருமானம் குறைந்த குடும்பம் சேமிப்பில் கைவைத்துச் செலவை ஓட்டும்வரை அக்கம்பக்கத்தாருக்கு எதுவும் தெரியாது; சேமிப்பு தீர்ந்த மாதத்தில்தான் எல்லாம் ஒரேயடியாக வந்ததுபோல் தோன்றும். மூளையும் தன் கையிருப்பைக் கொண்டு இழப்பை ஈடுசெய்கிறது. நோயும் வயதும் சேர்ந்து அந்தக் கையிருப்பைக் கரைக்கின்றன. 1996-இல் நோயின் கட்டங்களுக்குப் பெயர் சூட்டிய லப்ளினும் ரைன்கோல்டும் 2014-இல் அதைத் திருத்தியபோது, எந்தக் கட்டமானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னார்கள்: அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறதா? குறைபாடு கூடிக்கொண்டிருக்கிறதா? பெயர் வைத்தவர்களே பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்று சொன்னதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, இந்தக் கேள்விகள் ஒரு சாதாரண புறநோயாளிப் பிரிவில் எப்படிக் கேட்கப்படுகின்றன என்று பாருங்கள். நோயாளி மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே வருகிறார். வந்ததும் உட்கார்ந்துவிடுகிறார். "மறுபடி அட்டாக் ஏதாவது வந்ததா?" "இல்லை டாக்டர்." எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய புள்ளி இல்லை. "நல்லது, இதே மருந்தைத் தொடருங்கள்." எல்லாமே உண்மை, ஆனால் நோயாளியின் கால் இந்த உரையாடலுக்குள் வரவே இல்லை. போன வருடம் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நிற்காமல் நடந்தவர் இப்போது நடுவில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுகிறார். வலது காலின் செருப்பு வழியிலேயே கழன்றுவிடுகிறது. கழன்றது அவருக்குத் தெரிவதுமில்லை. பெருவிரல் பக்கம் மட்டும் செருப்பின் முனை தேய்ந்திருக்கிறது. வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கக் கை நடுங்குவதால் சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். இவை எதுவும் அட்டாக் இல்லை. ஆகவே அவரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

இந்த மௌனத்துக்கு அளவு உண்டு. நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வளர்கட்டத்தை அடைந்துவிட்டவர்களின் கோப்புகளைத் திரும்பப் படித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு, வந்துவிட்டதா இல்லையா என்று மருத்துவரே உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு காலம் இருந்தது தெரிந்தது. அது சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் நீண்டது. வேல்ஸ் நாட்டில் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சந்தித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஆண்டுகளை உள்ளிருந்து காட்டியது. பலர் மாற்றத்தைத் தாமே முதலில் உணர்ந்திருந்தார்கள். உறுதிப்பட்டபின் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி விடப்பட்டதாக நினைத்தார்கள். மருத்துவர்களைக் குறைசொல்ல இதை நான் சொல்லவில்லை. அவர்கள் தயங்கக் காரணம் இருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் வளர்கட்டம் உறுதிப்படுவது மருந்தை நிறுத்தும் விதிகளில் ஒன்றாகப் பல காலம் இருந்தது. பெயரைச் சொன்னால் மருந்து போகும், மருந்து போனால் நம்பிக்கை போகும் என்றால் யார்தான் சீக்கிரம் சொல்வார்கள்? மருந்து நின்றதும் மருத்துவமனைக்குப் போவதும் நின்றுவிடுகிறது. தேவை கூடும் நேரத்தில் தொடர்பு அறுகிறது என்பதுதான் இங்கே உள்ள முரண்.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, இனி அவை பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்ரெலிசுமாப், தொடக்கத்திலிருந்தே வளரும் வகைக்கு வந்த முதல் மருந்து. சிபோனிமாட் என்ற மாத்திரையை, வளர்கட்டத்தில் இருந்த 1,651 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குக் குறைபாடு கூடி நிலைத்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 26 பேருக்கு. தாக்கே வராத வளர்கட்ட நோயாளிகளிடம் டோலிப்ருடினிப் மருந்தைச் சோதித்து 2025-இல் வெளியான ஆய்வில் இதே அளவு 30.7-இலிருந்து 22.6-க்கு இறங்கியது, ஆனால் கல்லீரலைப் பாதிக்கும் ஆபத்தும் அதோடு வந்தது. இந்த வேறுபாடுகள் உண்மையானவை. சிபோனிமாட்டால் நூற்றில் ஆறு பேரின் நடை காப்பாற்றப்படுவது சிறிய காரியம் இல்லை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மருந்து வேலை செய்த குழுவிலேயே 26 பேருக்குக் குறைபாடு கூடியிருக்கிறது. மற்றவர்களுக்கும் ஏற்கெனவே இழந்தது திரும்பி வந்துவிடவில்லை. மருந்து சரிவைத் தாமதப்படுத்தும். படிக்கட்டில் கைப்பிடி வைக்காது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காக கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்சிமாப் மூன்றையும் சேர்த்தது. மருந்துக்காகக் குரல் எழும்பிப் பலன் கிடைத்தது. மற்றத் தேவைகளுக்கும் அந்தக் குரல் வேண்டும்.

அந்த மற்றவை என்ன? முதன்மையானது, சரிவு போலத் தெரிவதில் எது திருத்தக்கூடியது என்று பிரித்துப் பார்ப்பது. உடலுழைப்பின்போது நோயாளியின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-லேயே எழுதினார்; உடல் சூடேறினால் இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பது பின்னர் தெளிவானது. கத்திரி வெயிலில் சென்னையில் வாழும் நோயாளிக்கு இதை யாராவது விளக்கியிருந்தால், மே மாதத்தில் கால் துவளும்போது எல்லாம் முடிந்தது என்று அவர் அஞ்ச மாட்டார். குளிர்ந்த நீரில் குளிப்பது, வெளிவேலையை அதிகாலைக்கு மாற்றுவது, ஈரத்துண்டு போர்த்திக்கொள்வது எல்லாமே சிகிச்சைதான். சிறுநீர்த் தொற்று வந்தாலும் நடை ஒரு வாரத்தில் மோசமாகும்; தொற்று தணிந்தால் மீளும். சிறுநீர் முழுவதும் வெளியேறுகிறதா என்று அளந்து, தேவையானால் சுத்தமான குழாயைத் தாமே செருகி எடுக்கக் கற்றுக்கொடுத்தால், அந்தத் தொற்றுகளை வெகுவாகக் குறைக்கலாம். தண்ணீர் குடிக்காமல் பயணம் போகும் கொடுமையும் குறையும். தசை இறுக்கத்துக்கு பேக்ளோஃபென் உண்டு. ஆனால் சிலர் அந்த விறைப்பை ஊன்றியே எழுந்து நிற்கிறார்கள். அளவு கூடினால் கால் தொய்ந்துவிடும். நடப்பதைப் பார்க்காமல் எழுதும் மாத்திரைச் சீட்டு அந்த நுட்பத்தைத் தவறவிடும். எம்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய் வருகிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இவற்றில் எதற்கும் வளர்கட்டம் என்ற பெயர் தேவையில்லை. பெயருக்குக் காத்திருந்தால் இவை அனைத்தும் தாமதமாகும்.

இதற்கு முதல் மறுப்பு, நம்பிக்கை பற்றியது. முன்கூட்டியே இதையெல்லாம் பேசினால் நோயாளி உடைந்துபோவார், தெரியாமல் இருப்பதே நல்லது என்பார்கள். "அவளிடம் சொல்லாதீர்கள் டாக்டர்" என்று கணவரோ அப்பாவோ அறைக்கு வெளியே வந்து கேட்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. இந்த அன்பை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் மறைக்கப்படுவது எது என்று கேட்க வேண்டும். கால் இழுப்பது அவருக்குத் தெரியும். தெரியாதது, அதற்கு என்ன பெயர், என்ன வழி என்பவை மட்டுமே. உணர்வதைப் பேச ஆளில்லாதவர் தன்னைத்தானே சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறார். வீட்டாரும் சில சமயம் அப்படியே சொல்கிறார்கள். அதே சமயம், மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டக்கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டு, தவணை தவணையாக, ஒவ்வொரு முறையும் செய்யக்கூடிய ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொல்லலாம். உதவி தேவையைப் பொறுத்துத் தொடங்குவதானால் இது எளிதாகும். "உங்களுக்கு வளர்கட்டம் வந்துவிட்டது" என்று தொடங்க வேண்டிய கட்டாயமே இல்லை. "நடை குறைந்திருக்கிறது, அதற்கு இதைச் செய்வோம்" என்று தொடங்கலாம். பெயர் வரும் நாளில் அது அவருக்குப் புதிய செய்தியாக இருக்காது. உதவி முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு, சான்று பற்றியது. மருந்துக்குச் சோதனை உண்டு, பிசியோதெரபிக்கு என்ன ஆதாரம் என்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். வளரும் வகை எம்.எஸ். நோயாளிகள் 311 பேரை ஆறு நாடுகளில் சேர்த்து நடத்திய ஒரு சோதனை 2023-இல் வெளிவந்தது. உடற்பயிற்சியும் அறிவாற்றல் பயிற்சியும் சேர்ந்தால் மூளை தகவலைக் கையாளும் வேகம் கூடுமா என்று பார்த்தார்கள். போலிப் பயிற்சியைவிடக் கூடவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் என் வாதம் நேர்மையற்றதாகும். ஆனால் அந்தச் சோதனை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. விழாமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பிப் படுத்துப் படுக்கைப் புண்ணைத் தவிர்ப்பது, கழிவறையில் குந்துவதற்குப் பதில் உட்கார ஏற்பாடு செய்து சுவரில் கம்பி பதிப்பது ஆகியவற்றுக்கு மூளை வேகம் கூட வேண்டியதில்லை. இவற்றின் நோக்கம் நோயைத் திருப்புவது அன்று. தவிர்க்கக்கூடிய இரண்டாம் கேட்டைத் தவிர்ப்பது. அந்த நோக்கத்தை வைத்துத்தான் அவற்றை எடைபோட வேண்டும். மருந்திடம் கேட்கும் கேள்வியை ஊன்றுகோலிடம் கேட்டால் விடை எப்போதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது மறுப்பு நமக்கே உரியது. மேலைநாட்டில் அரசு பார்க்கிறது, இங்கே குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்பது அது. குடும்பம் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் எம்.எஸ். பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு மடங்குக்குமேல் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. வளர்கட்டம் தெரியவரும்போது அவர் நாற்பதுகளில் இருப்பார்: பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரியிலோ, மாமியாருக்கு முழங்கால் வலி. குடும்பத்தில் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவரே நோயாளியாகிறார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது யாரிடம் போகிறது? பெரும்பாலும் படிப்பை நிறுத்தும் மகளிடம், அல்லது முதுமையில் தளர்ந்த தாயிடம். தூக்கும் முறையை யாரும் கற்றுத்தராததால் அந்தத் தாயின் இடுப்பும் போகிறது. குடும்பம் இருக்கிறது என்பதால் உதவி வேண்டாம் என்று ஆகாது. குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் உதவி சீக்கிரம் வர வேண்டும்.

கடைசி மறுப்பு, அரிய நோய்க்குத் தனி ஏற்பாடு கட்டுப்படியாகுமா என்பது. தனி ஏற்பாடு கேட்கவே இல்லை என்பதுதான் என் விடை. தேவையை அடிப்படையாகக் கொள்வதன் பெரிய லாபமும் அதுவே. கால் தூக்கி வைக்க முடியாதவருக்குத் தேவையான பட்டை, பக்கவாதத்தால் வந்தாலும் எம்.எஸ்.-ஆல் வந்தாலும் ஒன்றே. சிறுநீர்க் குழாய்ப் பயிற்சி தண்டுவடம் அடிபட்டவருக்கும் இவருக்கும் பொது. வேலூரில் 1966-இல் தொடங்கிய, மேரி வர்கீஸ் பெயர் தாங்கிய மறுவாழ்வு நிறுவனம் இத்தகைய திறன்களைப் பல்லாண்டுகளாக வளர்த்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஏற்கெனவே உண்டு. தெருவில் பக்கவாத நோயாளி வீட்டுக்கு வருபவர், அடுத்த வீட்டு எம்.எஸ். நோயாளியையும் பார்க்கலாம், அவர் இருப்பதை நரம்பியல் பிரிவு தெரிவித்தால் போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் எம்.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு என்ற வாசல் உண்டு. களைப்பும் மறதியும் நாளுக்கு நாள் மாறுவன. சான்றிதழ் வழங்கும் நாளில் அவர் எழுந்து நடந்துவிட்டால் அவை கணக்கில் வருவது கடினம். மதிப்பீட்டில் நடையோடு இவையும் முறையாகப் பதிவாக வேண்டும்.

நோய் ஆதரவுச் சிகிச்சை என்றதும் மரணப் படுக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2008-இல் கேரளம் அதற்கெனக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமானது. அங்கே அது தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், நீண்டகால நோயாளிகள் பலரையும் பார்க்கும் இயக்கமாக வளர்ந்தது. எம்.எஸ். முற்றிய நிலைக்கு அந்த அணுகுமுறையை ஐரோப்பிய நரம்பியல் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. விழுங்கச் சிரமம் வந்தால் குழாய் வழி உணவு வேண்டுமா, மருத்துவமனைக்கு எந்த நிலையில் போக வேண்டும் என்பவற்றைப் பேசத் தெளிவான சிந்தனையும் தெளிவான குரலும் வேண்டும். நோய் இரண்டையும் மங்கச் செய்யக்கூடியது. அந்தப் பேச்சையும் கடைசிக்குத் தள்ளிவைத்தால், முடிவு நோயாளியின் கையைவிட்டுப் போய்விடும்.

செய்யக்கூடியவை மூன்று என்று முடிக்கிறேன். ஒன்று: நோய் கண்டறிந்த ஆண்டிலிருந்தே, ஆண்டுக்கு ஒரு முறை, அட்டாக் வந்ததா என்பதோடு நிற்காமல் நடை, விழுதல், சிறுநீர், மலம், தூக்கம், மனம், நினைவு, வேலை, வீட்டுச் சுமை ஆகியவற்றையும் கேட்டுப் பதியும் முழுப் பரிசோதனை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இதை வலியுறுத்துகிறது; இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், எழுந்து நடக்கச் சொல்ல ஒரு வராந்தா போதும். இரண்டு: ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவிலும், நோயாளி போனில் அழைக்கக்கூடிய ஒரு செவிலியர். மருந்து நின்றாலும் அவரோடு தொடர்பு நிற்கக்கூடாது. மூன்று: அந்தச் செவிலியரையும் வட்டார அளவில் வீடு தேடிப் போகும் ஊழியர்களையும் இணைக்கும் ஒரு பதிவேடு. இதற்காகும் செலவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செவிலியரின் சம்பளமும் சில மணி நேரப் பயிற்சியும். இவை நடந்தால், கோப்பில் வளர்கட்டம் என்று எழுதப்படும் நாளில் நோயாளிக்குப் புதிதாகச் சேர்வது ஒரு சொல் மட்டுமாக இருக்கும். அந்தச் சொல் எழுதப்பட்டபின்தான் உதவியைத் தேடத் தொடங்குகிறோம் என்ற நிலையை மாற்றும் பொறுப்பு, மருந்து கண்டுபிடிப்பவர்களுடையது இல்லை. இந்த அரங்கில் இருக்கும் நம் எல்லோருடையதும்தான்.